கொற்கைக் கரையில் ஒரு வீடு

பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. பொருநையாறு ஆண்டுதோறும் கொண்டுவந்து குவித்த வண்டல், கடலைச் சில கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பால் தள்ளிவிட்டது. கிரேக்கர் தம் குறிப்புகளில் ‘கொல்கோய்’ என்று எழுதிவைத்த பேரூர், இன்று வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ்ந்த ஒரு சிற்றூராக விளங்குகிறது. கிழக்கே உப்பளங்கள், தெற்கே சென்றால் பனைமரங்கள் நிறைந்த செம்மணல் தேரி, வடக்கே தூத்துக்குடித் துறைமுகம். இத்தகைய ஓர் ஊரில், இக்காலத்துக் குடும்பம் ஒன்று தனக்கென ஒரு வீடு கட்ட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரமும் எரிபொருளும் குறைவாகச் செலவாக வேண்டும். வாழ்வின் வசதியோ குறையக் கூடாது. அவ்வீட்டை எவ்வாறு அமைப்பது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வீடு கட்டுவது பெரியவர்களின் கவலையாயிற்றே, மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வீடு ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்கிறது. இன்று கட்டப்படும் வீட்டில் நெடுங்காலம் வாழப்போகிறவர்கள் நீங்களே. சுவரிலும் கூரையிலும் ஒருமுறை செய்த பிழைக்கு மாதந்தோறும் மின்கட்டணமாகத் தண்டம் கட்டப்போகிறவர்களும் நீங்களே. ஆதலால் இதனை நீங்கள் அறிந்துகொள்வது பொருத்தமே.

முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கரையில் ஒரு முறை இருந்தது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்களுக்குப் ‘பார்’ என்று பெயர். அப்பார்களை முதலில் சோதிப்பார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். இல்லையேல் அவ்வாண்டு குளிப்பு இல்லை. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அந்த முறையில் உள்ள அறிவு பழையதாகிவிடவில்லை. இடம் எதைத் தரவல்லது என்று முதலில் பார். பிறகு செயலில் இறங்கு என்பதே அது. வீட்டுக்கும் இதுவே முதல் விதி. ஆகவே நாமும் இந்நிலத்தின் கதிரவனையும் காற்றையும் நீரையும் முதலில் பார்ப்போம்.

கொற்கை ஏறக்குறைய 8½ பாகை வட அட்சத்தில் உள்ளது. சித்திரை தொடக்கம் முதல் ஆவணியின் நடுப்பகுதி வரை உச்சிவேளைக் கதிரவன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறான். மற்றை மாதங்களில் தெற்கே நிற்கிறான். மிகத் தெற்கே செல்லும் மார்கழியிற்கூட உச்சியிலிருந்து 32 பாகையே சாய்கிறான். இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, வெயிலை மிகுதியாக ஏற்பது கூரையே. இரண்டாவது, தெற்கிலும் வடக்கிலும் உள்ள சன்னல்களைக் காப்பது எளிது. நான்கடி உயரமுள்ள தென்புறச் சன்னலுக்கு இரண்டரை அடி நீட்டிய மழைமறைப்பு இருந்தால் மார்கழி உச்சிவெயிலும் உள்ளே நுழையாது. மூன்றாவது, கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் எந்த மழைமறைப்பும் முழுமையாகக் காக்காது. ஏனெனில் காலையிலும் மாலையிலும் கதிர்கள் தாழ்வாக நேரே வந்து தாக்குகின்றன. ஆதலால் வீடு கிழக்கு மேற்காக நீண்டும், வடக்கு தெற்காக ஒடுங்கியும் இருத்தல் நலம். மேல்புறத்தில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்துவிட்டால் மாலை வெயிலை அவை தாங்கிக்கொள்ளும், படுக்கையறை தப்பும்.

இனிக் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைத்தொடரைத் தாண்டி வரும் மேல்காற்று, மழையை மலைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு, வறண்டு, புழுதியோடு வீசுகிறது. கடலோர மக்கள் இதனைக் கச்சான் என்பர். பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றோ ஈரமும் குளிர்ச்சியும் உடையது. ஐப்பசி முதல் வாடையும் மழையும் வருகின்றன. ஆகவே மேற்கே வேம்பும் பூவரசும் வைத்துக் கச்சானின் புழுதியைத் தடுக்க வேண்டும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் வாசலைத் திறந்து கடற்காற்றை வரவேற்க வேண்டும். காற்று நுழைந்தால் மட்டும் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். சன்னலுக்கு எதிரே சன்னல் இல்லாத அறையில் காற்று நில்லாது; வந்த வழியிலேயே தயங்கி நிற்கும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். திண்ணையும், பட்டாசாலையும், நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்ட வீடுகளை எண்ணிப்பாருங்கள். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழ, திண்ணைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுபடுகிறது. விசிறி இல்லாமலே வீடு மூச்சுவிடுகிறது. இன்றைய சிறு மனையில் பெரிய முற்றத்துக்கு இடமில்லை எனினும், எட்டடிக்கு எட்டடியில் ஒரு சிறு முற்றமோ, மாடிப்படியின் உச்சியில் காற்று வெளியேறும் சாளரமோ அதே வேலையைச் செய்யும்.

இதற்கு இக்காலச் சட்ட நெறியும் துணைநிற்கிறது. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் நெறிமுறை, நம்முடையது போன்ற ஈரவெப்பப் பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு என்பது கணக்கு. உங்கள் வீட்டு அறை ஒன்றை அளந்து பாருங்கள். எத்தனை அறைகள் இந்தக் கணக்கில் தேறுகின்றன என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குளிர்நாடுகளின் வழி வேறு. ஜெர்மனியில் டார்ம்ஸ்டட் நகரில் 1991இல் கட்டி முடிக்கப்பட்ட புகழ்பெற்ற வீடுகள், தடித்த காப்புறையும் இடுக்கில்லாத சன்னல்களும் கொண்டு, உள்ளிருக்கும் வெம்மையைச் சிறிதும் வெளியே விடாமல் காத்தன. ஆற்றல் சேமிப்பு என்றவுடன் அந்த வழியையே அப்படியே இங்கே கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் கண்ணாடியிட்டு மூடினால், கொற்கையில் அது வீடாக இராது; சூளையாகும். அங்கே மூடுதல் அறிவு. இங்கே நிழலிட்டுத் திறத்தல் அறிவு.

அடுக்களையைப் பற்றி ஒரு சொல். கோடையில் காற்று மேற்கிலிருந்தும் கிழக்கு தென்கிழக்கிலிருந்தும் வருவதால், அடுப்பின் வெம்மை வீட்டுக்குள் பரவாமலிருக்க அடுக்களை வடபுறத்தில் அமைவது நல்லது. வாடை வீசும் மாதங்களில் சிறிது வெம்மை உள்ளே வந்தாலும் கேடில்லை. அடுப்புக்கு மேலே புகையும் சூடும் போக உயர்ந்த திறப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டிலே நெடுநேரம் வெம்மையில் நிற்பவர் சமைப்பவரே என்பதை வரைபடம் போடுகிறவர் மறக்கலாகாது.

அடுத்தது கூரை. வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவெல்லாம் அதனை நம் தலைமேல் உமிழ்கிறது. அதனால்தான் இரவில் விசிறி சுற்றியும் வியர்க்கிறது; மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தட்டட்டிக்குப் போகிறார்கள். இதற்கு எளிய மருந்துகள் உண்டு. தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய முறை. ஆண்டுக்கொரு முறை வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது மிக மலிவான முறை. வெண்மையான பரப்பு கதிரின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தளத்துக்கு மேலே கொடிப்பந்தலோ கீற்றுப்பந்தலோ போட்டு நிழல் செய்வது இன்னொரு முறை.

கூரையையும் சுவரையும் குறைந்த பொருளில் கட்டும் கலையை நமக்கு அருகிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டினார். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரே அவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. செங்கற்களைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். இம்முறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. சுவருக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குச் சுமைதாங்கும் வேலை மிகுதியாக இல்லை. அங்கே கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓடுகளை வைத்துத் தளமிட்டால் சிமெண்டும் மிச்சம், பாரமும் குறைவு. உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால், ஒரு மூட்டை குறைவதும் சிறிய செய்தியன்று.

மண்ணாலும் வீடு கட்டலாம். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989இல் தொடங்கப்பெற்ற மண் கட்டடக்கலை நிறுவனம், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சிமெண்டு கலந்து, அழுத்தி, சூளையில் சுடாமல் ஆக்கும் மண்கற்களைப் பரப்பி வருகிறது. அக்கற்களுக்கு ஏற்ற மண்ணில் நூற்றுக்கு 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி இருப்பது நல்லது என்பது கணக்கு. இதனை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டி ஒன்றில் கால்பங்கு மண்ணும் முக்கால் பங்கு நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் படியும். களி கடைசியாக மெல்ல மெல்லப் படியும். அடுக்குகளை அளந்தால் மண்ணின் இயல்பு தெரியும். தேரிச் செம்மணலில் களி மிகக் குறைவு. அது தனியே கட்டிக்கு ஆகாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, உலர்ந்தால் வெடிக்கும். உப்பளத்துக்கு அருகிலுள்ள மண்ணில் உப்பு இருக்கும். அது சுவரைத் தின்றுவிடும். எந்த ஊருக்கும் ஒரே மருந்து என்பது இல்லை. தூத்துக்குடியில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு சுடாமல் செய்யும் சாம்பற்கல்லும் கிடைக்கிறது. எரித்த நிலக்கரியின் கழிவு சுவராகிப் பயன்படுவது நல்லதே.

பொருளைப் பற்றிப் பேசும்போது இக்கடற்கரை கற்ற கசப்பான பாடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பகுதியில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள். அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். கல் இலேசானது, மலிவானது, பக்கத்திலேயே கிடைத்தது. ஆனால் அலையைத் தடுத்து நின்ற அரண் அதுவே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில், விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. பாறைகளை வெட்டியது அதற்கு ஒரு பெருங்காரணம். 1986இல் அத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று; 2001இல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் காப்பு கிடைத்தது. அருகில் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. எடுத்த பொருள் மீண்டும் விளையுமா, எடுத்த இடம் எஞ்சுமா என்றும் கேட்க வேண்டும். இன்றைக்கு ஆற்றுமணலுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இன்னொரு பாடம் அண்மையது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓராண்டு முழுவதும் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் மழையே பெறும் மாவட்டம் இது. குளங்கள் உடைந்தன, பொருநை கரைபுரண்டது, ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரச் சிற்றூர்கள் வெள்ளத்தில் தனித்து நின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு, ஒரு வெள்ளத்தில் கரைந்துபோகுமானால், அதனை மீண்டும் கட்டும் செலவில் மிச்சமெல்லாம் தொலையும். ஆகவே நீர்வழியிலும் குளத்தின் உட்புறத்திலும் மனை வாங்கலாகாது. முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டறிந்து, அதற்கும் மேலே கருங்கல்லால் அடித்தளத்தை உயர்த்த வேண்டும். மண்கல் கட்டுவதானால், அதற்கு மேலிருந்து தொடங்க வேண்டும். மின் பொத்தான் பலகைகளையும் உயரத்தில் வைக்க வேண்டும். தாழ்வாரக் கூரையைத் தலைக் கூரையோடு ஒன்றாக்காமல் தனியே அமைத்தால், புயல் அதனைப் பெயர்த்தாலும் வீட்டுக் கூரை நிற்கும்.

அதே மழையை நல்ல ஆண்டுகளில் சேர்த்துவைக்கவும் வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் 65,000 லிட்டர் நீர். சிதறுவது போக 50,000 லிட்டர் எனக் கொள்ளலாம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் எனில், தை முதல் புரட்டாசி வரையுள்ள 270 நாள்களுக்கு வேண்டியது 10,800 லிட்டரே. 12,000 லிட்டர்த் தொட்டி ஒன்று போதும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் இக்கரையில் இது எத்தகைய செல்வம் என்பதை இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தபின் மின்சாரக் கணக்குக்கு வருவோம். பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கிறது. புதுவகைச் சிக்கன விசிறி 30 வாட் அளவே இழுக்கிறது. நான்கு விசிறிகள் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் சுற்றினால், முன்னதற்கு 3 யூனிட், பின்னதற்கு 1.2 யூனிட். எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து அரை யூனிட்டைத் தாண்டா. குளிர்பதனப் பெட்டி, நீரேற்றும் மோட்டார் முதலியவற்றையும் கூட்டினால், நன்கு அமைந்த சிறு வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் போதும். கூரையில் ஒரு கிலோவாட் சூரியப் பலகை நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தருகிறது. தெற்கு நோக்கி ஒன்பது அல்லது பத்துப் பாகை சாய்த்து, தளத்திலிருந்து சற்று உயர்த்தி வைத்தால், அது மின்சாரத்தோடு தளத்துக்கு நிழலையும் தரும். 2024இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டது. உப்புக்காற்றும் புழுதியும் படியும் இடமாதலால் பலகையை அடிக்கடி கழுவ வேண்டும்.

மாறாக, வெயிலில் வேகும் வீட்டைக் கட்டிவிட்டு, ஒன்றரை டன் குளிர்சாதனத்தை இரவெல்லாம் ஓட்டினால், அது ஒன்றே எட்டு யூனிட் அளவு கேட்கும். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது; எரிந்த கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அப்படியானால் ஓர் அறையின் ஓர் இரவுத் தூக்கத்துக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட கரி. 1979இல் தூத்துக்குடியில் முதல் அனல்மின் அலகு இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று 1986இல் எழுந்ததும் இதே தூத்துக்குடியில்தான். கரியையும் காற்றையும் ஒருங்கே கண்ட ஊர் இது. அவற்றுக்கு வெகுகாலம் முன்பே, கதிரவனையும் காற்றையும் மட்டுமே கொண்டு கடல்நீரை உப்பாக்கிய ஊரும் இதுவே.

இறுதியாக ஓர் ஐயத்துக்கு விடை கூற வேண்டும். ‘மண்சுவரும் ஓடும் ஏழைமையின் அடையாளம் அல்லவா? காரை வீடு கட்டும் நிலைக்கு இப்பொழுதுதான் வந்திருக்கிறோம். எங்களைப் பின்னுக்கு இழுப்பதா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஓலைக்குடிசையில் மழைக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்தவருக்கு, உறுதியான தளம் என்பது விடுதலை. அதனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. நான் கூறுவது குடிசைக்குத் திரும்புவதை அன்று. அந்தக் காரை வீட்டையே திசை பார்த்து, நிழலிட்டு, காற்றுக்கு வழிவிட்டு, அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதை. திசையைத் திருப்பி வைப்பதற்குக் கூடுதல் செங்கல் தேவையில்லை. எதிரெதிரே சன்னல் வைப்பதற்குக் கூடுதல் கூலி மிகுதியாக இல்லை. வேப்பங்கன்று நடுவதற்குச் செலவே இல்லை. இவை வேண்டுவன பணத்தை அல்ல. கொத்தனார் நூல் பிடிப்பதற்கு முன்னே சிறிது நேரச் சிந்தனையை.

ஆகவே, மாணவ நண்பர்களே, இவ்வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நின்று, எந்தச் சுவர் சுடுகிறது, எந்தச் சன்னலில் காற்று வருகிறது, எந்த அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டுங்கள். சுடும் சுவருக்கு வெளியே ஒரு மரம் வைக்க இடமிருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள். நாளைக்கு நீங்கள் பொறியாளராகவோ, கொத்தனாராகவோ, வீட்டுக்கு உரியவராகவோ ஆகும்போது, அந்தத் தாளில் எழுதியதே உங்கள் முதல் வரைபடமாக அமையும்.